நாற்று வாங்குவதற்கு முன் ஓதத்தைப் பாருங்கள்: முகத்துவாரக் காட்டை ஊரார் மீட்பது பற்றி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். நாகப்பட்டினம் மாவட்டத்தில், காவிரியின் ஒரு கிளையாறு கடலில் சேரும் இடத்தில் உங்கள் ஊர். தாத்தா காலத்தில் முகத்துவாரத்தின் தென்கரையில் அலையாத்திக் காடு, அதாவது உப்புநீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காடு, இருந்ததாம். இப்போது அங்கே வெறும் உப்புத் திடல். ஒரு தனியார் நிறுவனம் 5,000 சுரபுன்னை நாற்று தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஊர் இளைஞர்கள் சேர்ந்து நட்டுவிட்டால் காடு திரும்ப வருமா, இல்லை இதெல்லாம் அரசாங்கத்தால் மட்டுமே ஆகிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்தத் திடலில் காடு ஏன் தானாகத் திரும்ப முளைக்கவில்லை? அலையாத்தி மரங்கள் வருடா வருடம் விதையைத் தண்ணீரில் உதிர்ப்பவை. அருகில் பத்து மரம் நின்றால் போதும், ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது, விதையைச் சுமந்து போய் முளைக்க முடிகிற இடத்திலெல்லாம் ஒதுக்கிவிடும். முப்பது நாற்பது வருடமாக ஒரு திடலில் ஒன்றும் முளைக்கவில்லை என்றால், அங்கே விதைக்குப் பஞ்சம் இருக்க வாய்ப்பு குறைவு. மண்ணிலோ நீரோட்டத்திலோ ஏதோ கோளாறு. அதைக் கண்டுபிடிக்காமல் 5,000 நட்டாலும் 50,000 நட்டாலும் முடிவு ஒன்றுதான்.

நான் கடலோர ஈரநிலச் சூழலியல் படித்துவிட்டு, இருபது வருடங்களுக்கு மேலாகப் பிச்சாவரத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையே உள்ள கழிமுகங்களில் ஊர்க்குழுக்களோடு வேலை செய்து வருகிறேன். எனக்குத் தெரிந்தது காவிரிக் கடைமடையின் களிமண். ராமநாதபுரத்துப் பவளப்பாறைக் கரைக்கோ தாமிரபரணி முகத்துவாரத்துக்கோ நான் சொல்வது எல்லாம் அப்படியே பொருந்தாது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிச்சாவரத்தின் கதையைத் தெரிந்துகொண்டால் உங்கள் திடலைப் புரிந்துகொள்வது சுலபம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் இருக்கும் காடு அது. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை அங்கே கூப்பு முறையில் மரம் வெட்டினார்கள். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியை மொத்தமாக வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். திரும்பி வருவதற்குள் வெட்டிய இடம் வளர்ந்திருக்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு சதுப்பில் பலிக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. களிமண்ணுக்குள் இருந்த ஈரம் ஆவியாகி மண் அமுங்கியது. ஓடைக்கரை மேடாக நின்றது, வெட்டிய நடுப்பகுதி தாம்பாளம் மாதிரி தாழ்ந்துபோனது. பெரிய ஓதத்தில் கரையைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் வற்றும்போது வெளியே வர வழியில்லாமல் தங்கியது. கோடையில் அது காயக் காய உப்பு மட்டும் மண்ணில் சேர்ந்துகொண்டே போனது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு இருக்கும். சித்திரை வெயிலில் இப்படிப்பட்ட பள்ளத்துத் தண்ணீரில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நானே அளந்திருக்கிறேன். அதில் உமிரிச் செடியைத் தவிர வேறு எதுவும் நிற்காது.

காடு அழிந்ததற்கு மாடு மேய்ப்பவர்களும் விறகு பொறுக்குபவர்களும்தான் காரணம் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990-களில் சென்னையில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் மண்ணையும் மட்டத்தையும் அளந்து பார்த்தபோதுதான், முதல் காரணம் வெட்டிய முறை என்று தெரிந்தது. இது வெறும் ஆராய்ச்சிச் செய்தி என்று கடந்து போய்விடாதீர்கள். ஊர்க்காரர்களைக் குற்றவாளியாகப் பார்த்தவரை அவர்களை வெளியே தள்ளுவதுதான் பாதுகாப்பு என்று இருந்தது. அந்தக் குற்றச்சாட்டு விழுந்த பிறகுதான் வனத்துறையும் கிராமமும் ஒரே பாயில் உட்கார்ந்து பேச முடிந்தது.

பரிகாரம் கேட்பதற்கு மிகவும் எளிமையானது. தேங்கிய நீர் வெளியே போகவும், புது ஓதம் உள்ளே வந்து உப்பைக் கழுவவும் வாய்க்கால் வெட்ட வேண்டும். ஓடையிலிருந்து பள்ளத்துக்குள் சாய்வாக ஒரு தாய் வாய்க்கால், அதன் இரு பக்கமும் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருப்பதால் மீன்முள் வாய்க்கால் என்றே பெயர். அகலம் மேலே கூடுதலாகவும் அடியில் குறைவாகவும் இருக்க வேண்டும். செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே களிமண் சரிந்து மூடிவிடும். ஓரிரண்டு மழைக்காலம் உப்பைக் கழுவ விட்டு, அப்புறம் கரையோரமாக நடுவார்கள். முத்துப்பேட்டையிலும் இதே முறையில் பெரிய பரப்பில் வேலை நடந்தது.

இந்த யோசனையைப் படித்தவர்கள் மட்டும் கொண்டுவந்ததாக நினைக்க வேண்டாம். முத்துப்பேட்டையில் வாய்க்கால் மீன்பிடிப்பு என்று ஒரு பழைய முறை உண்டு. காயலிலிருந்து காட்டுக்குள் மீனவர்கள் வாய்க்கால் வெட்டி வைத்திருப்பார்கள். ஓதத்தோடு உள்ளே போகும் மடவையும் கொடுவாவும் இறாலும், வற்றும்போது வாய்க்கால் வாயில் கட்டிய வலைக்குள் வரும். அந்த வாய்க்கால்களின் இரு கரையிலும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம் அடர்ந்து நிற்பதை யாரும் பார்க்கலாம். மீனுக்காக வெட்டியது மரத்துக்கும் ஆனது.

ஒரு வாய்க்காலின் வாய் திறந்த நாளை இன்னும் மறக்கவில்லை. தை அமாவாசைக்கு மறுநாள். ஓடைக்கும் வாய்க்காலுக்கும் நடுவே ஒரு முழ அகலத்துக்கு மண் விட்டிருந்தோம். ஓதம் ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டு பேர் மண்வெட்டியால் அதை எடுத்தார்கள். தண்ணீர் பாய்ந்தெல்லாம் வரவில்லை. நுரை தள்ளிக்கொண்டு, காய்ந்த உமிரிச் சருகைச் சுமந்துகொண்டு, நடந்து வருகிற வேகத்தில் வந்தது. எங்களோடு வேலை செய்த ஒரு பெரியவர் அதற்கு முன்னாலேயே நடந்துபோய் கடைசிக் கிளை வாய்க்கால் நுனியில் குந்திக்கொண்டார். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கழித்து நீர் அங்கே போய்ச் சேர்ந்தது. விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கடல் தண்ணியா இருக்கு தம்பி, உப்புத் தண்ணியா இல்ல" என்றார். பள்ளத்தில் தேங்கும் நீரின் உப்பு அதில் இல்லை, கடல்நீர் அளவு உப்புதான் என்று பொருள். நான் பையில் வைத்திருந்த கருவி சொன்னதும் அதுதான்.

சரி, உங்கள் திடலுக்கு வருவோம். அது பிச்சாவரத்தைப் போலத் தாழ்ந்துபோன இடமா, அல்லது மணல் ஏறி மேடான இடமா, அல்லது முன்பு யாராவது பண்ணைக்காகக் கரை போட்டு ஓடையை அடைத்த இடமா? மூன்றுக்கும் மருந்து வேறு. நம் கரையில் ஓதத்தின் ஏற்றமும் வற்றமும் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே ஒரு சாண் உயர வித்தியாசம்தான் ஓர் இடம் காடாகுமா, சேறாகவே இருக்குமா, உப்பளம் மாதிரி ஆகுமா என்று முடிவு செய்கிறது. இதை அளக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. வீடு கட்டும் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், அதுவே போதும். ஓடைக்கரையில் தொடங்கி திடலின் நடுப்பகுதி வழியாக மறுகரை வரை பத்து அடிக்கு ஒரு குச்சி நட்டு மட்டம் எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். நடுப்பகுதி கரையைவிடத் தாழ்ந்திருந்தால் வாய்க்கால் வேலை. எல்லாமே பெரிய ஓதத்துக்கு மேலே இருந்தால் அது அலையாத்தி நிலமே இல்லை. அங்கே அலையாத்தி நடுவது வீண்.

அப்புறம் மண். கோடையில் ஒரு முறையும் மழை முடிந்து ஒரு முறையும் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, ஊறி வரும் நீரை எடுத்து உப்பை அளக்க வேண்டும். அதற்கான கைக்கருவியை, ரெஃப்ராக்டோமீட்டர் என்பார்கள், பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையிலோ இறால் பண்ணைக்காரரிடமோ கேட்டால் ஒரு நாளைக்குத் தருவார்கள். இதைவிட முக்கியமானது ஊரில் வயதானவர்களைத் திடலுக்கே கூட்டிப் போவது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் "எல்லாம் காடா இருந்துச்சு" என்பார்கள். நடந்து போகும்போதுதான் "இங்கதான் ஓடை திரும்பும், இந்த இடத்துல நண்டு புடிப்போம்" என்று கால் தானாக நிற்கும். பழைய ஓடை எது என்று தெரிந்துவிட்டால் புதிதாக வாய்க்காலுக்கு வழி தேட வேண்டியதில்லை; தூர்ந்த ஓடையைத் திறந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நான் பார்த்தவரை செலவு குறைவாகவும் பலன் அதிகமாகவும் இருந்தவை இப்படிப் பழைய ஓடையைத் திறந்த இடங்கள்தான்.

நாற்றைப் பற்றி. உங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருப்பது சுரபுன்னை. வளைந்த தாங்குவேர் விட்டு நிற்கும், படத்தில் அழகாக இருக்கும் மரம் அதுதான். காய் மரத்திலேயே முளைவிட்டு நீண்டு தொங்குவதால் சேகரிப்பதும் நடுவதும் சுலபம். அதனால்தான் எல்லோரும் அதையே தருகிறார்கள். ஆனால் அது தினமும் ஓதம் தொடுகிற ஓடையோரத்து மரம். உள்ளே இருக்கும் உப்புத் திடலில் தாக்குப்பிடிக்கக் கூடியது வெண்கண்டல். அதன் இலையின் அடிப்பக்கத்தை வெயில் நேரத்தில் நக்கிப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சியதில் மிஞ்சியதை இலை வழியாக வெளியே தள்ளுகிற மரம் அது. மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு கடைமடைக்கு வரும் நன்னீர் குறைந்துகொண்டே வந்ததில், நன்னீர் அதிகம் கேட்கும் இனங்கள் பின்வாங்கி, நம் கழிமுகங்களில் பெரும்பகுதி வெண்கண்டல் காடாகவே ஆகிவிட்டது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரமும் அலையாத்தி இனம்தான். சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் எவ்வளவு கிட்டே என்று நினைத்துப் பார்த்தால், அந்தக் காடு ஒரு காலத்தில் எங்கே வரை பரவியிருந்திருக்கும் என்று மனம் ஓடத்தான் செய்கிறது.

என் கையாலேயே நடந்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். சுனாமிக்கு அடுத்த சில வருடங்களில் நடுவதற்குப் பணம் நிறைய வந்தது. ஒரு நிறுவனம் மார்ச் மாதத்துக்குள் கணக்கு முடிக்க வேண்டும் என்றது. வாய்க்கால் வெட்ட நேரமில்லை. ஆற்றோரமாக வெட்டவெளியாக ஒரு சேற்றுத்திட்டு இருந்தது, அங்கே நட்டோம். ஆயிரக்கணக்கில், வரிசை பிடித்து, பார்க்க நெல் நடவு போலவே இருந்தது. ஆறு மாதத்தில் ஒவ்வொரு நாற்றின் தண்டிலும் கொட்டலசு, அதாவது படகிலும் கட்டையிலும் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர், அப்பியிருந்தது. அந்தப் பாரத்தில் செடி சாய்ந்தது, சாய்ந்ததை அலை பிடுங்கியது. அடுத்த வருடம் மூங்கில் குச்சிகள் மட்டும் நின்றன. பணம் போனதைவிட எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. அந்தச் சேற்றுத்திட்டில்தான் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் வற்றத்தில் மட்டி பொறுக்குவார்கள். "நீங்க நட்ட குச்சி காலைக் கிழிக்குது" என்று ஒரு அம்மா வந்து சொன்ன பிறகுதான், சும்மா கிடக்கிறது என்று நாங்கள் நினைத்த சேறு சும்மா கிடக்கவில்லை என்று புரிந்தது. உங்கள் ஊரில் மரம் இல்லாத சேறு எங்கே இருக்கிறதோ, அங்கே யார் என்ன எடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. இலங்கையில் சுனாமிக்குப் பிறகு 1,000 ஹெக்டேருக்கு மேல் நட்டார்கள். பல வருடம் கழித்து 23 இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், ஏறக்குறைய 200 ஹெக்டேரில்தான் காடு வந்திருப்பதாகக் கண்டார்கள். 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. பிலிப்பைன்ஸிலும் பெரிய நடவுத் திட்டங்களில் நீண்ட காலத்துக்குப் பிழைத்தது 10 முதல் 20 சதவீதம்தான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காரணமும் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றே: தவறான இடம், தவறான இனம், நட்ட பிறகு ஆள் இல்லை.

ஆள் இல்லை என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. ஊர் மக்களால் முடியுமா? வாய்க்கால் வெட்டுவது ஒரு மாத வேலை. அதைத் தூர்ந்துபோகாமல் வைத்திருப்பது வருடக்கணக்கான வேலை. வடகிழக்குப் பருவமழையில் வண்டல் வரும், தாய் வாய்க்காலின் வாய்தான் முதலில் அடைபடும். இரண்டு மூன்று வருடம் யாரும் கவனிக்காவிட்டால் தண்ணீர் மறுபடி தேங்க ஆரம்பிக்கும். அதற்குள் மரங்கள் வேர் பிடித்துத் தங்கள் நிழலைத் தாங்களே போட்டுக்கொண்டிருந்தால் தப்பிக்கும், இல்லையென்றால் பழைய கதைதான். திட்டப் பணம் மூன்று வருடத்தில் தீர்ந்துபோகும். நாலாவது வருடம் மண்வெட்டி தூக்குவது யார்? அந்தக் காட்டால் தினம் தினம் பலன் அடைபவர் மட்டுமே தூக்குவார். அதனால் வாய்க்காலில் மீன் பிடிக்கும் உரிமையையும் தூர் வாரும் பொறுப்பையும் ஒரே கையில் கொடுக்க முடிந்தால், அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பிடிக்கிறவர் வாருவார், வாரினால்தான் அவருக்கு மீன்.

குழு அமைக்கும்போது வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் இருவரும் உறுப்பினர் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் வனக்குழுக்களுக்கு இருந்த பழைய விதி இது, நல்ல விதி. குடும்பத்துக்கு ஒருவர் என்றால் ஆண் மட்டும்தான் வருவார். மாடு எங்கே மேய்கிறது, விறகு எங்கே கிடைக்கிறது, நண்டு எந்த மாதம் எங்கே என்பது தெரிந்தவர் வீட்டில் இருப்பார். ரேஷன் அட்டை, பஞ்சாயத்து வரி, சங்க உறுப்பினர் என்று எதை அடிப்படையாக வைத்தாலும் சிலர் விடுபடுவார்கள். பிச்சாவரம் பக்கம் இருளர்கள் கழுத்தளவுத் தண்ணீரில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். படகு இல்லை, வலை இல்லை என்பதால் அவர்களை மீனவர் கணக்கிலேயே யாரும் நெடுங்காலம் சேர்க்கவில்லை. காட்டை அவர்களைவிடக் கிட்டத்தில் அறிந்தவர் யாரும் இல்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு தெரு இருக்கும். குழுவின் முதல் கூட்டத்தை அங்கே போய் நடத்துங்கள்.

மேய்ச்சலுக்கு ஒரு வார்த்தை. மாடும் ஆடும் வெண்கண்டல் தழையை விரும்பித் தின்னும். முழுத் திடலுக்கும் தடை போட்டால் சண்டை வரும். ஒரு பகுதியை மூன்று வருடம் அடைத்து, மரம் மாட்டின் வாய்க்கு மேலே போனதும் திறந்துவிட்டு அடுத்த பகுதியை அடைக்கலாம். முள்வேலி போட்டுக் காப்பாற்றியதைவிட, மாடு வைத்திருப்பவரையே காவலுக்கு வைத்துக் காப்பாற்றியது அதிகம்.

இதுவரை சொன்னதெல்லாம் முகத்துவாரத்தின் நூறு ஏக்கரைப் பற்றியது. ஆனால் முகத்துவாரத்துக்கு வரும் தண்ணீரை முகத்துவாரம் தீர்மானிப்பதில்லை. உங்கள் ஆற்றில் கடலுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் கடைமடை ஷட்டர் ஒன்று இருக்க வேண்டும். கோடையில் கடல்நீர் வயலுக்கு ஏறாமல் தடுக்க விவசாயி அதை மூடி வைப்பார், அது அவருடைய உயிர்ப் பிரச்சனை. மூடி வைத்தால் கீழே நன்னீர் வராது, முகத்துவாரத்தில் மணல் திட்டு வளரும், கழிமுகத்தில் நீரோட்டம் குறையும். இது மீனவரின் உயிர்ப் பிரச்சனை. இருவருமே ஒரே ஊராக இருக்கலாம், ஒரே குடும்பமாகக்கூட இருக்கலாம். நான் பார்த்த ஊர்களில் மரம் நடுவதைவிடக் கடினமான வேலை இந்த இருவரையும் ஒரு கூட்டத்தில் உட்கார வைப்பதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வரும்போது ஷட்டரை எப்போது, எவ்வளவு திறப்பது என்று நீர்வளத்துறை (முன்பு பொதுப்பணித்துறை) ஊழியரோடு சேர்ந்து பேசிவைத்துக்கொண்ட ஊர்களில், அந்த ஒரு மாத நன்னீரே வருடம் முழுக்கச் சேர்ந்த உப்பைக் கழுவிவிடும். காசு செலவில்லாத வேலை. இதைத்தான் உங்கள் குழு முதலில் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மேலே இறால் பண்ணை இருந்தால் அதன் கழிவுநீர் எந்த வாய்க்காலில் விழுகிறது என்பதையும் பாருங்கள். கடலோரப் பண்ணைகளை எதிர்த்து இந்த மாவட்டத்து மக்கள் நடத்திய போராட்டம்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து நிலைமையை மாற்றிவிட்டது. இப்போது பண்ணை பதிவு பெற்றதா, கழிவுநீரைச் சுத்திகரிக்கிறதா என்பதைத்தான் கேட்க முடியும். அதைக் கேட்பதே பல இடங்களில் பலன் தருகிறது.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாதவை. காடு இருந்தால் சுனாமி வந்தாலும் ஊர் தப்பிக்கும் என்று உங்கள் குழுவில் பலர் நம்புவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் பிச்சாவரம் பகுதியில் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பிழைத்தது உண்மை. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பரங்கிப்பேட்டைக் கரையில் 18 மீனவக் குடியிருப்புகளை ஒப்பிட்டு 2005-இல் வந்த ஆய்வும் காடு காத்தது என்றே சொன்னது. அடுத்த வருடமே வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கை எடுத்துப் பார்த்து, கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் உயரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன, காட்டின் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்றார்கள். என் நிலைப்பாடு இது: வழக்கமான புயல் அலையையும் கரை அரிப்பையும் காடு தணிக்கும், அதில் சந்தேகம் இல்லை. சுனாமிக்கு அதை நம்பி வீட்டைக் கரையோரம் கட்டாதீர்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் கரை கடந்தபோது முத்துப்பேட்டைக் காடே பெரும் பரப்பில் முறிந்து கருகிக் கிடந்ததை நான் பார்த்தேன். காடும் அடி வாங்கும்.

மீன் பெருகுமா என்றால், வாய்க்காலுக்குள்ளும் ஓடையிலும் நண்டும் இறாலும் கூடுவதை இரண்டு மூன்று வருடத்தில் நீங்களே பார்ப்பீர்கள். கடலில் பிடிபடும் மீன் இந்தக் காட்டால் எவ்வளவு கூடியது என்று எண்ணாகச் சொல்கிறவரை நம்ப வேண்டாம். கார்பன் வரவு, அதாவது காடு பிடித்து வைக்கும் கரிக்குப் பணம் தரும் ஏற்பாடு, என்று சொல்லி யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சதுப்பு மண் ஏராளமான கரியைப் பிடித்து வைக்கிறது என்பது அறிவியல்படி உறுதி. அதிலிருந்து ஐம்பது ஏக்கர் வைத்திருக்கும் ஒரு சிற்றூருக்குப் பணம் வந்து சேருமா என்பது இன்னும் யாரும் தெளிவாகக் காட்டாத விஷயம்; அளப்பதற்கும் சான்று வாங்குவதற்குமே பெரும்பகுதி போய்விடும்.

அரசாங்கம் பற்றிக் கேட்டீர்கள். அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அ-பதிவேட்டில், அதாவது கிராம நிலப் பதிவேட்டில், அந்தத் திடலின் சர்வே எண் எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்கக் கூடாது. புறம்போக்கு என்றால் மாவட்ட ஆட்சியர் வழியாகப் போக வேண்டும். எதுவாக இருந்தாலும் அலையாத்தி உள்ள இடம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில் மிகக் கண்டிப்பான வகையில் வரும். காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் அதைச் சுற்றி 50 மீட்டர் இடைவெளியும் உண்டு. நாளைக்கு அங்கே யாராவது கட்டடம் கட்ட வந்தால் உங்களுக்கு உதவப்போவது இந்த விதிதான். ஆகவே இப்போது அருகில் மிச்சம் நிற்கும் மரங்களையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஒன்றிய அரசு 2023-இல் மிஷ்டி என்ற பெயரில் அலையாத்திகளுக்காகவே ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது, தமிழ்நாடும் அதில் உண்டு. மட்டம் எடுத்த நோட்டும் உப்பு அளந்த நோட்டும் கையில் இருந்தால் மாவட்ட வன அலுவலர் உங்களை வேறு மாதிரி கேட்பார். வெறும் மனுவோடு போனவர்களையும் அளவுகளோடு போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

நாற்று தருவதாகச் சொன்ன நிறுவனத்திடம் மறுத்துப் பேச வேண்டாம். "இந்த வருடம் நாற்று வேண்டாம், அதே பணத்தில் பழைய ஓடையைத் திறக்கக் கூலி கொடுங்கள், நாற்று இரண்டாவது வருடம்" என்று கேளுங்கள். சுரபுன்னைதான் தருவோம் என்றால் ஓடைக்கரைக்கு ஐந்நூறு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். வெண்கண்டல் விதையை மழைக்காலத்தை ஒட்டி ஊர்ப் பிள்ளைகளே பொறுக்கிச் சேர்க்கலாம், அதற்குக் காசு வேண்டாம்.

வருகிற அமாவாசையன்று ஓதம் உச்சத்தில் இருக்கும்போது திடலுக்குப் போய், தண்ணீர் எதுவரை ஏறுகிறதோ அங்கெல்லாம் குச்சி நட்டு அடையாளம் செய்யுங்கள். வற்றிய பிறகு மறுபடி போய், தண்ணீர் எந்தெந்த இடத்தில் தங்கி நிற்கிறது என்று வேறு நிறத் துணி கட்டிய குச்சியால் குறியுங்கள். பௌர்ணமிக்கும் அதையே செய்யுங்கள். இரண்டையும் ஒரு தாளில் வரைந்து, டியூப் லெவல் அளவுகளோடு இங்கே போடுங்கள். வாய்க்கால் எங்கே தொடங்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.